ரெங்கம்மாள் பாடிய இரண்டாம் பக்கம்

பழைய கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டால் யாரும் பதற வேண்டியதில்லை. வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் துடைத்து, வேறு கூட்டில் மாற்றிப் போட்டால் முக்கால்வாசி பிழைத்துவிடும். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் நான் இந்த வேலையைத்தான் செய்கிறேன். கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட், துபாயிலிருந்து பேசி அனுப்பிய கேசட், செத்துப்போனவர்கள் பாடியது, திட்டியது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன். கேட்டுவிட்டு அழாமல் படியிறங்கியவர்கள் குறைவு. என் பெயர் அசோக்குமார்.

இதை நான் கம்ப்யூட்டரில் பேசவில்லை, கேசட்டில் பேசுகிறேன். கம்ப்யூட்டரில் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம். அது என்னைவிட யாருக்குத் தெரியும். நாடாவில் பேசினால் வெட்டி ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரிந்துவிடும். இடையில் விமானச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏர்போர்ட் பக்கத்தில்தான். என் தமிழ் புத்தகத் தமிழாக இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். வாலிப வயசில் மைக்செட் கட்டி, 'பெரியோர்களே தாய்மார்களே' என்று ஊர் ஊராக அறிவிப்புச் செய்த வாய் இது. மைக்கைக் கண்டால் தானாக இப்படி ஆகிவிடும்.

போலீஸ் கேட்டாலும் சரி, பாண்டிமீனா கேட்டாலும் சரி. யாராவது முழுதாகக் கேட்டால் போதும்.

பாண்டிமீனா வைகாசியில் வந்தாள். கப்பலூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதன்மேல் என் பழைய சவுண்ட் சர்வீஸின் ரப்பர் முத்திரை இருந்தது.

"இதுல ஒங்க பேரு இருக்குண்ணே. அத வச்சுத்தான் விசாரிச்சு வந்தேன். எங்கம்மா செத்தன்னைக்கு எங்க பெரியம்மா பாடுன ஒப்பாரி. எழுமலை. நீங்கதான் செட்டுப் போட்டிருக்கீங்க."

"போட்டிருப்பேன்மா. எத்தனையோ கேத வீடு."

சாவு வீட்டைத்தான் எங்கள் பக்கம் கேத வீடு என்போம். கேத வீட்டில் மைக்செட் கட்டுவது வழக்கம். பெண்கள் பாடுகிற ஒப்பாரி கூம்புக் குழாய் வழியாக ஊர் முழுக்கப் போகும். சொந்தக்காரர்கள் கேட்டால் கேசட்டிலும் பிடித்துக் கொடுப்போம். ஒப்பாரியில்தான் பெண்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். யார் அடித்தது, யார் பட்டினி போட்டது, யாரால் இந்தச் சாவு, எல்லாம் அதில் வந்துவிடும். அந்த நேரத்தில் எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் குறுக்கே பேச முடியாது. ஆனால் பாடி முடித்தால் முடித்ததுதான். நல்ல நாளில் அதைத் திருப்பிச் சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பயப்படுவார்கள், ஒருத்தி வாயைத் திறக்க மாட்டாள்.

பாண்டிமீனாவின் தாய் முத்துத்தாய் பூச்சிமருந்து குடித்து இறந்தபோது இவள் தவழ்கிற பிள்ளை. புருஷன் முத்திருளன் அடித்ததால்தான் குடித்தாள் என்று ஊர் பேசியது. முத்துத்தாயின் அக்கா ரெங்கம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வளர்த்தாள். முத்திருளன் அதே ஊரில் தனியாகக் கிடந்தார், வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"பெரியம்மாகிட்ட எம்புட்டோ தடவ கேட்டிருக்கேன்ணே. 'அன்னைக்கே ஊரு கேக்க எல்லாத்தையும் பாடிட்டேன்டி, இனி அதப் பேசப்படாது'ம்பாக. இப்ப அவுகளும் போயிட்டாக. ஆவணியில எனக்குக் கல்யாணம். எங்கப்பா மணமேடையில நிக்கலாமா, கூடாதான்னு எனக்குத் தெரியணும். பெரியம்மா அவரச் சொல்லிப் பாடியிருந்தா வேணாம். இல்லன்னா நானே போயி அவரு கையப் பிடிச்சுக் கூட்டியாந்துருவேன்."

"கேட்டவங்க ஊருல இருப்பாங்களேம்மா."

"செட்டு பாதியில நின்னு போச்சாம்ணே. அதுக்கப்பறம் அவுக பாடுனது யாருக்கும் வெளங்கலயாம்."

வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு ஆளிடம் போகச் சொல்லியிருக்கலாம். அந்தக் கேசட் எங்கே இருக்கிறதோ, என்றைக்கு யார் கையில் கிடைக்குமோ என்று அத்தனை வருஷமும் மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அது தானாக என் மேசைக்கு வந்திருக்கிறது, நான் எப்படி விடுவேன்.

வேலையை ஒழுங்காகவே செய்தேன். இரைச்சல் நீக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. எது இரைச்சல் என்று கம்ப்யூட்டருக்கு நாம்தான் முதலில் காட்ட வேண்டும். வெறும் சத்தம் மட்டும் இருக்கிற ஒரு துண்டைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல், இது எங்கே இருந்தாலும் எடுத்துவிடு என்றால் எடுத்துவிடும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. என்னைப் போல் ஒருவன் காட்டுவதைப் பொறுத்தது.

முதல் பக்கம் நன்றாகவே வந்தது. ரெங்கம்மாளுக்குக் கனமான குரல், சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். தங்கச்சியின் அழகு, சடங்கு சுற்றிய நாள், கல்யாணம் என்று பாடிக்கொண்டே போகிறாள். முத்திருளன் ஓரிடத்தில்தான் வருகிறார். அன்றைக்கு அவரைப் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள், பெண்டாட்டியின் முகத்தைக்கூட அவர் கடைசியாகப் பார்க்கவில்லை.

தாலி கட்டுன மாப்ள – எந் தங்கச்சி
தலமாட்ல இல்லையே
டேசன் வாசல்ல – எந் தங்கச்சி
கையக் கட்டி நிக்காரே

அவ்வளவுதான். இதில் குற்றச்சாட்டு இல்லை, பரிதாபம்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த வாரம் முத்திருளனே வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கும்வரை நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். ஒரு மஞ்சப்பை நிறைய மொச்சைக்காய் கொண்டுவந்திருந்தார்.

"பாப்பா சொல்லுச்சு, கேசட்டு ஒங்ககிட்டதான் இருக்குன்னு. என்னைய அடையாளம் தெரியுதா தம்பி?"

"தெரியுதுண்ணே."

"ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல. கேசட்டு மாறுறது சகசந்தான். எளந்தாரிப் பய, தெரியாமப் போட்டுட்டீங்க. அன்னைக்கே எங் கால்ல விழுந்துட்டீங்க, அதோட தீந்துச்சு."

எந்தக் கேசட் என்று சொல்லிவிடுகிறேன். எழுமலையில் அப்போது அம்மன் திருவிழா. செட்டு வைக்க முத்திருளன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் ஊர் அடங்கிக் கிடந்த நேரத்தில், முத்துத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தன் குரல் டேப்பில் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசை. நான் மைக்கைக் கொடுத்தேன். இரண்டு பாட்டுப் பாடினாள். பிறகு வெட்கம் விட்டுப்போய் மாமியார் நடந்துகொள்ளும் விதத்தைச் சொன்னாள், புருஷன் குறட்டை விடுவதைச் செய்து காட்டினாள், கல்யாணத்துக்கு முன்னால் தன்னைக் கேட்டு வந்த ஒரு மாமன் மகனைப் பற்றிச் சொன்னாள், அவனையே கட்டியிருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாம் விளையாட்டுப் பேச்சுதான். போகும்போது, "அழிச்சிருங்கண்ணே," என்றாள். சரி என்றேன். மறுநாள் சாயந்தரம் முளைப்பாரிக்குக் கூட்டம் சேர்ந்திருந்தபோது பாட்டுக் கேசட்டுக்குப் பதிலாக அந்தக் கேசட் போடப்பட்டுவிட்டது. எல்லாக் குழாயிலும் அவள் சிரிப்பு கேட்டது. ஊரே சிரித்தது. முத்திருளனும் அந்தக் கூட்டத்தில் நின்றார். விடியும்போது அவள் உயிரோடு இல்லை. திருவிழாவுக்குக் கட்டிய குழாயை அவிழ்க்கவே இல்லை, அதிலேயேதான் அவளுக்கு ஒப்பாரியும் போனது.

முத்திருளன் மஞ்சப்பையின் காதை முறுக்கிக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு ராத்திரி ஒரு அறை அறைஞ்சேன் தம்பி. ஒண்ணுதான். நெசமா அந்த அறதான் கொன்னுச்சா, இல்ல ஊரு சிரிச்சது கொன்னுச்சா, எனக்கே தெரியல. இத்தன வருசமாத் தெரியல. ரெங்கம்மா மதினி பொய் பாட மாட்டாக. எம் பேரச் சொல்லியிருந்தா சொல்லிட்டுப் போகட்டும், ஏத்துக்கிறேன். நீங்க கூட்டாம கொறைக்காம எடுத்துக் குடுங்க, அது போதும்."

"சரிண்ணே," என்றேன்.

மொச்சை நல்ல மொச்சை. அன்றைக்கு என் வீட்டில் அதைத்தான் குழம்பு வைத்தார்கள்.

நான் செய்தது சின்ன வேலை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஓர் அடி தெளிவாக இருந்தது. அதை எடுத்து முதல் பக்கத்தில் வைத்தேன். டேசன் வாசலை நீக்கினேன். இப்போது அது இப்படி ஆனது:

தாலி கட்டுன மாப்ள – எந் தங்கச்சி
தலமாட்ல இல்லையே
ஒன்னையக் கொன்னவன் – எந் தங்கச்சி
ஒரு வாய்ச் சோறு திம்பானா

அவள் மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்து வெட்டினேன். பின்னால் மற்றப் பெண்கள் அழுகிற சத்தத்தை அறுபடாமல் இழுத்துவிட்டேன். ரெங்கம்மாளே கேட்டிருந்தாலும் தான் அப்படித்தான் பாடினோம் என்று நம்பியிருப்பாள். முத்திருளன் மேல் எனக்குப் பகை கிடையாது. ஊர் ஏற்கெனவே அவரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, புதிதாக யார் தலையிலும் நான் எதையும் கட்டவில்லை. என் மகள் அஸ்வினிக்கும் அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் பக்கம் கெட்டுவிட்டது என்று சொல்லி முதல் பக்கத்தை அப்படியே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படிக் கொடுத்திருந்தால் அவள் கேசட்டை வாங்கிக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போயிருப்பாள், சென்னைக்குக்கூடப் போயிருப்பாள். பதில் கிடைத்தவர்கள்தான் தேடுவதை நிறுத்துவார்கள்.

பாண்டிமீனா இங்கே உட்கார்ந்துதான் கேட்டாள். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, தன் பெரியம்மாவின் குரல் வந்ததும் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த இடம் வந்தபோது கை கீழே இறங்கிவிட்டது.

"அப்ப அவருதான்," என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"ரெண்டாம் பக்கம்ணே?"

"பூஞ்ச தின்னுருச்சும்மா. நாடா உதுந்துபோச்சு. இனி ஓடாது."

"பரவால்லண்ணே. தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. நீங்க இல்லன்னா இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்." கைகூப்பிவிட்டுப் போனாள், கேசட்டைக் கேட்கவில்லை. என் வேலைதானே அம்மா என்று சொன்னதாக ஞாபகம். அன்றைக்கே கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பிரதியை அழித்துவிட்டேன். கேசட்டை மட்டும் பீரோவில் வைத்தேன். அதை ஏன் வைத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எரித்துவிடலாம் என்று இரண்டொரு தடவை எடுத்தேன், கை வரவில்லை. அதை என் நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் இந்தப் பக்கமெல்லாம் குழாய் கட்டிவிடுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது, ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அப்படிச் சாத்தி வைத்திருந்த ஒரு நாளில்தான் பாண்டிமீனா மறுபடி வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அப்பா இறந்துவிட்டார் என்றாள்.

"அந்தப் பாட்ட நான்தான்ணே அவரு போனுக்கு அனுப்பிவிட்டேன். கல்யாணத்துக்கு வர வேணாம்னும் சொல்லிவிட்டேன். மறு பேச்சுப் பேசல. பக்கத்து வீட்டுப் பயலப் போடச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டிருக்காரு. அன்னையிலருந்து சோத்தத் தொடல. தண்ணி மட்டுந்தான். ஊருலருந்து சொல்லிவிட்டாக, மனசு கேக்காம நானே சோறு பெசஞ்சு எடுத்துட்டுப் போனேன். 'வேணாம் பாப்பா, மதினி கேட்டிருக்காகள்ல, ஒரு வாய்ச் சோறு திம்பானான்னு. திங்கப்படாது'ன்னுட்டாரு. ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன்னுட்டாரு. என் கையில இருந்த உருண்டையப் பாத்துக்கிட்டேதான் கெடந்தாரு."

விசிறியை நிறுத்தினேன், பிறகு போட்டேன்.

"இப்பத்தான்ணே எனக்கு ஒண்ணு தோணுது. பெரியம்மா சாகுற வரைக்கும் தீவாளிக்குத் தீவாளி அப்பாவுக்கு வேட்டி எடுத்து, என் கையிலதான் குடுத்து விடுவாக. கொன்னவன்னு பாடுனவுக எதுக்குண்ணே வேட்டி குடுக்கணும்? ரெண்டாம் பக்கத்துல நெசமாவே ஒண்ணுமில்லையா?"

வேட்டி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்.

"தேடிப் பாக்குறேன்மா," என்றேன்.

"ஓடாட்டியும் பரவால்ல, கேசட்டக் குடுங்க. ஞாயித்துக்கெழம வாரேன்."

நாளை ஞாயிற்றுக்கிழமை. கேசட்டைக் கொடுக்கத்தான் போகிறேன்.

இரண்டாம் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. பூஞ்சை ஓரத்தில் மட்டும்தான். ரெங்கம்மாள் பாடியது இது:

கூம்புக் கொழா கட்ட வந்தான் – எந் தங்கச்சி
கொட்டகைக்கு வரச் சொன்னான்
மறுநாளும் கூப்பிட்டான் – எந் தங்கச்சி
மாட்டேன்னு நீ சொன்ன
சிரிச்ச சிரிப்பெடுத்து – எந் தங்கச்சி
தெருவெல்லாம் கேக்க வச்சான்
ஒன்னையக் கொன்னவன் – எந் தங்கச்சி
ஒரு வாய்ச் சோறு திம்பானா

முத்துத்தாய் அக்காவிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். முதல் வரி வாயிலிருந்து வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய்க்குப் போகிற சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, கரண்ட் தகராறு என்று சொன்னேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவரவர் அழுகையில் இருந்தார்கள். டேப்பை நிறுத்த முடியவில்லை. ரெங்கம்மாளின் புருஷன் பக்கத்திலேயே நின்று அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், முடிந்ததும் அவரே கேசட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரெங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். குழாய் நின்றது அவளுக்குத் தெரியாது. ஊருக்கே சொல்லிவிட்டோம் என்று நம்பித்தான் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

கேசட் மாறவில்லை. மாறக் கூடாது என்று அதன்மேல் பேனாவால் குறியே போட்டு வைத்திருந்தேன். மறுநாள் மத்தியானமும் வா என்று கூப்பிட்டேன், தனியாக வா என்றேன். "மாட்டேன்ணே," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சாயந்தரம் கூட்டம் சேரும்வரை காத்திருந்தேன். முத்திருளன் வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தேன். வந்து நின்றார். பிறகு போட்டேன்.

முத்துத்தாயைக் கொன்றவன் நான். முத்திருளனைக் கொன்றவனும் நான்தான். ரெங்கம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது: தின்பான். அன்றைக்கும் தின்றேன், மொச்சைக் குழம்பையும் தின்றேன், இன்றைக்கு மத்தியானமும் சாப்பிட்டுவிட்டுத்தான் இதைப் பேச உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

இன்னும் ஒன்றே ஒன்று. புதுக் கேசட் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. டவுனில் தெருத் தெருவாகத் தேடிவிட்டேன். நல்ல நிலையில் கையில் இருந்தது ஒன்றுதான். அதைத்தான் திருப்பிப் போட்டு, இரண்டாம் பக்கத்தின்மேல் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். மேலே ஒன்று பதிந்தால் அடியில் இருந்தது போய்விடும், கேசட்டின் இயல்பு அது. ரெங்கம்மாள் பாடியதை நானே ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன், அதனால் பாண்டிமீனாவுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. என் குரலில் இரைச்சலும் குறைவு.